லிம்போமா: ரத்த ரிப்போர்ட்டில் எந்த எண்ணைப் பார்ப்பது, எப்போது எடுப்பது, எப்படிக் கணக்கிடுவது

லிம்போமா எனப்படும் நிணநீர்ப் புற்றுநோய் என்று பயாப்ஸியில் தெரியவந்த வாரத்திலேயே கையில் ஒரு கட்டு ரத்த ரிப்போர்ட் சேர்ந்துவிடும். தடித்த எழுத்தில் அச்சாகியிருக்கும் ஒவ்வொரு எண்ணையும் பார்த்து வீடே கலங்கிப்போகும். உண்மையில் அந்தக் கட்டில் நோயின் போக்கைக் கணிக்க உதவுபவை ஏழெட்டு எண்கள்தான். அவையும் தனியாக நின்று எதையும் சொல்வதில்லை. லிம்போமாவில் எந்த வகை, ரத்தம் எடுத்தது சிகிச்சைக்கு முன்பா பின்பா, இயல்பு என்று அந்த லேப் கொள்ளும் உச்ச வரம்பு எவ்வளவு ஆகிய மூன்றும் கூடவே இருந்தால்தான் எண்ணுக்குப் பொருள் உண்டு.

இவற்றில் முதலாவதையும் மூன்றாவதையும் பிறகு கேட்டு வாங்கிக்கொள்ளலாம். சிகிச்சைக்கு முந்தைய ரத்தத்தைப் பிறகு பெற வழியே இல்லை. எனவே இந்தக் கட்டுரையை முதல் கீமோவுக்கு முன்பே படித்துவிடுவது நல்லது. நோயாளிக்காக அலைபவர் வேறொருவர் என்றால் அவரும் படிக்கட்டும்.

1. நோயின் முழுப் பெயரை எழுத்தில் வாங்குங்கள்

'லிம்போமா' என்ற ஒற்றைச் சொல்லை வைத்துக்கொண்டு ரத்த எண்களைப் படிக்க முடியாது. ஹாட்ஜ்கின் லிம்போமா, டிஃப்யூஸ் லார்ஜ் பி செல், ஃபாலிகுலர், மேன்டில் செல், மார்ஜினல் ஸோன், டி செல் வகைகள் என ஒவ்வொன்றுக்கும் கணிப்பு முறை வேறு. ஆரம்ப நிலை ஹாட்ஜ்கினில் இ.எஸ்.ஆர். (சிவப்பணுக்கள் படியும் வேகம்) மதிப்பு சிகிச்சையின் அளவையே மாற்றும். டிஃப்யூஸ் லார்ஜ் பி செல் வகையின் போக்கைக் கணிக்கும் மதிப்பெண்ணில் இ.எஸ்.ஆருக்கு இடமே இல்லை. மேன்டில் செல்லில் வெள்ளையணுக்களின் மொத்த எண்ணிக்கை முக்கியம். ஃபாலிகுலரில் ஹீமோகுளோபின் முக்கியம்.

பயாப்ஸி ரிப்போர்ட் பெரும்பாலும் இரண்டு தவணையாக வரும். முதலில் வருவதில் 'லிம்போமா, ஐ.எச்.சி.க்குப் பின் வகை உறுதி செய்யப்படும்' என்று மட்டும் இருக்கும். ஐ.எச்.சி. எனப்படும் சாயப் பரிசோதனை முடிந்து வரும் இறுதி ரிப்போர்ட்டில்தான் முழுப் பெயரும், செல்கள் பெருகும் வேகத்தைக் காட்டும் கே.ஐ.-67 சதவீதமும் இருக்கும். பலர் முதல் ரிப்போர்ட்டைக் கோப்பில் வைத்துக்கொண்டு இறுதி ரிப்போர்ட்டை வாங்காமலே விட்டுவிடுகிறார்கள். இறுதி ரிப்போர்ட் வர நாட்கள் ஆகும். சில சமயம் ஒன்றிரண்டு வாரங்கள்கூட ஆகலாம். ரத்தப் பரிசோதனைக்கு அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கட்டும்.

2. ஸ்டீராய்டு தொடுவதற்கு முன் ரத்தம் கொடுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றே ஒன்றைத்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

பிரெட்னிசோலோன், டெக்ஸாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு மருந்துகள் லிம்போமா செல்களை நேரடியாக அழிப்பவை. சில நாள் மாத்திரையிலேயே கழுத்துக் கட்டி சுருங்கிவிடுவது இதனால்தான். கூடவே ரத்த எண்களும் மாறிவிடும். வெள்ளையணு வகைகளில் நியூட்ரோஃபில் சில மணி நேரத்திலேயே உயரும், லிம்போசைட் குறையும். எல்.டி.எச். என்ற நொதி இறங்கும், கட்டி வேகமாகக் கரைந்தால் முதலில் ஏறிப் பிறகு இறங்கும். கணிப்பு முறைகள் எல்லாமே சிகிச்சைக்கு முந்தைய எண்களை வைத்துக் கட்டப்பட்டவை. பிந்தைய எண்ணை அவற்றில் போட்டால் வரும் விடை உங்களைப் பற்றியதாக இருக்காது.

சிக்கல் என்னவென்றால், லிம்போமா என்று தெரியும் முன்பே ஸ்டீராய்டு உள்ளே போயிருக்கலாம். மூச்சிரைப்பு, அரிப்பு, வீக்கம், பசியின்மை என்று வேறு காரணங்களுக்காக ஊசியோ மாத்திரையோ கொடுத்திருப்பார்கள். கடந்த ஒரு மாதத்து மருந்துச் சீட்டுகளை எடுத்து, ஸ்டீராய்டு இருந்தால் பெயர், அளவு, தொடங்கிய தேதி, நிறுத்திய தேதி நான்கையும் குறித்துப் புற்றுநோய் மருத்துவரிடம் சொல்லுங்கள். அதற்கு முன் எடுத்த ரத்த ரிப்போர்ட் ஏதாவது இருந்தால், சாதாரணக் காய்ச்சலுக்காக எடுத்ததாக இருந்தாலும் அதைத் தேடி எடுங்கள். இப்போது அதற்கு மதிப்பு அதிகம்.

கட்டி மூச்சுக்குழாயை அழுத்துகிறது, முதுகுத் தண்டை நெருக்குகிறது என்ற அவசரத்தில் ஸ்டீராய்டை உடனே கொடுக்கத்தான் வேண்டும். அங்கே ரத்தப் பரிசோதனைக்காகச் சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது. ஆனால் அந்த ஊசியைப் போடுவதற்காகக் கையில் குழாய் செருகும்போதே இரண்டு டியூப் ரத்தம் எடுத்துவிடலாம். 'ஸ்டீராய்டுக்கு முன் சாம்பிள் எடுத்துவிட்டீர்களா?' என்று செவிலியரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

ரத்தம் ஏற்றுவதற்கும் இதே விதிதான். இரண்டு யூனிட் ஏற்றிய மறுநாள் எடுத்த ஹீமோகுளோபின் உங்கள் உண்மையான ஹீமோகுளோபின் ஆகாது. நிறைய சலைன் ஏறிய பிறகு எடுத்தால் அல்புமின் என்ற ரத்தப் புரதம் நீர்த்துப்போய்க் குறைவாகக் காட்டும்.

3. எதற்குச் செலவு செய்வது, எதற்கு வேண்டாம்

பெரும்பாலான வகைகளுக்குத் தேவையான அடிப்படைப் பட்டியல் இதுதான்:

- வெள்ளையணு வகைப் பிரிப்போடு முழு ரத்த எண்ணிக்கை
- எல்.டி.எச்.
- அல்புமின் உள்ள கல்லீரல் பரிசோதனை
- கிரியாட்டினின், யூரிக் அமிலம், பொட்டாசியம், பாஸ்பேட், கால்சியம்
- இ.எஸ்.ஆர். (ஹாட்ஜ்கின் என்றால் கட்டாயம்)
- பீட்டா-2 மைக்ரோகுளோபுலின்
- ஹெபடைட்டிஸ் பி, ஹெபடைட்டிஸ் சி, எச்.ஐ.வி.

கடைசி வரி முன்கணிப்புக்கானது மட்டுமல்ல. ரிட்டுக்ஸிமாப் போன்ற மருந்து, உடலில் ஒளிந்திருக்கும் ஹெபடைட்டிஸ் பி வைரஸை மீண்டும் எழுப்பிவிடக் கூடியது. இப்போதுள்ள தொற்றைக் காட்டும் ஹெச்.பி.எஸ்.ஏ.ஜி. மட்டும் பார்த்தால் போதாது, ஆன்டி ஹெச்.பி.சி. என்ற பழைய தொற்றின் அடையாளத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அதையும் ரத்தம் அல்லது இம்யூனோகுளோபுலின் ஏற்றுவதற்கு முன்பே பார்த்துவிடுவது நல்லது, இல்லையென்றால் கொடையாளியின் ஆன்டிபாடி உங்களுடையது போலத் தெரியும்.

முழு ரத்த எண்ணிக்கையும் இ.எஸ்.ஆரும் செலவில் கீழ்ப்படி. எல்.டி.எச்., அல்புமின் அதற்கு ஒரு படி மேலே. பீட்டா-2 மைக்ரோகுளோபுலின் இன்னும் கூடும். எல்லா லேபிலும் செய்ய மாட்டார்கள், வெளியே அனுப்பினால் முடிவு வர நாட்கள் ஆகும். மற்றவை பெரும்பாலும் அன்றே வந்துவிடும். இவற்றுக்கு வெறும் வயிறு அவசியமில்லை. சர்க்கரையும் சேர்த்துப் பார்ப்பதானால் மட்டும் லேபில் கேட்டுக்கொள்ளுங்கள்.

பணத்தை வீணாக்கும் பொறி ஒன்று உண்டு. 'புற்றுநோய்க் குறிப்பான் தொகுப்பு' என்ற பெயரில் சி.இ.ஏ., சி.ஏ. 19-9, ஏ.எஃப்.பி., பி.எஸ்.ஏ. எல்லாம் சேர்ந்த பேக்கேஜ்களை லேப்கள் விற்கின்றன. இவை வேறு உறுப்புகளின் புற்றுநோய்களுக்கானவை. லிம்போமாவின் போக்கைக் கணிக்க இவை உதவாது. சி.ஏ. 125 சில லிம்போமா நோயாளிகளுக்கு உயரும், குறிப்பாக நுரையீரலைச் சுற்றியோ வயிற்றிலோ நீர் கோத்திருந்தால். ஆனால் வழக்கத்தில் உள்ள எந்த மதிப்பெண்ணிலும் அதற்கு இடமில்லை. கேட்காமல் எடுத்துப் பயந்துபோவதுதான் மிச்சம்.

ரத்தத்தில் மிதக்கும் கட்டி டி.என்.ஏ. பரிசோதனை பற்றியும் கேள்விப்பட்டிருப்பீர்கள். டிஃப்யூஸ் லார்ஜ் பி செல் வகையில், முதல் கீமோ சுற்றுக்குப் பின் அதன் அளவு நூறில் ஒரு பங்காகக் குறைந்தவர்களுக்கு நோயின் போக்கு நன்றாக இருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. நம்பிக்கை தரும் துறைதான். ஆனால் விலை மிக அதிகம், தனி டியூப் வேண்டும், சிகிச்சைக்கு முந்தைய சாம்பிள் இல்லாமல் ஒப்பிடவும் முடியாது. முடிவு வந்தால் சிகிச்சையில் எதை மாற்றுவீர்கள் என்று மருத்துவரிடம் கேளுங்கள். 'எதையும் மாற்ற மாட்டோம்' என்று பதில் வந்தால், ஆய்வில் சேர்ந்திருந்தால் ஒழிய, அந்தப் பணத்தைச் சிகிச்சைக்கு வைத்துக்கொள்ளலாம்.

4. ரத்தம் எடுக்கும் நாற்காலியில் கவனிக்க வேண்டியவை

எல்.டி.எச். என்பது ஏறக்குறைய எல்லாச் செல்களுக்குள்ளும் இருக்கும் ஒரு நொதி. சிவப்பணுக்களுக்குள் அது பிளாஸ்மாவில் இருப்பதைப்போல நூறு மடங்குக்கும் மேல் இருக்கிறது. ரத்தம் எடுக்கும்போது சிறிதளவு சிவப்பணு உடைந்தாலும் எல்.டி.எச். பொய்யாக உயர்ந்துவிடும். மெல்லிய ஊசி, சிரிஞ்சைப் பலமாக இழுப்பது, கைப்பட்டையை ஒரு நிமிடத்துக்கு மேல் கட்டி வைத்திருப்பது, ஸ்பிரிட் காயும் முன் குத்துவது, டியூபைக் குலுக்குவது ஆகியவைதான் வழக்கமான காரணங்கள்.

ஒரே இடத்தில் பலமுறை குத்தி, சொட்டுச் சொட்டாக எடுத்த ரத்தம் என்றால் அதைச் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். எல்.டி.எச். உயர்ந்து வந்தால் அந்தக் குறிப்பு காப்பாற்றும்.

வீட்டுக்கு வந்து சாம்பிள் எடுக்கும் சேவை வசதியானதுதான். ஆனால் சீரம் ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் பிரிக்கப்பட வேண்டும். நாள் முழுக்கப் பல வீடுகளுக்குச் சென்று மாலையில் லேபுக்குப் போகும் பையில் உங்கள் டியூப் இருந்தால், அந்த எல்.டி.எச்.சை நம்ப முடியாது. அடிப்படை சாம்பிளுக்கு மட்டுமாவது லேபுக்கு நேரில் போங்கள். எல்.டி.எச். சாம்பிளைக் குளிர்பெட்டியில் வைப்பதும் தவறு. அந்த நொதியின் சில உள்வகைகள் குளிரில் செயலிழக்கும். அறை வெப்பமே அதற்கு ஏற்றது.

முந்தைய நாள் கடும் உடற்பயிற்சியோ பளு தூக்குவதோ வேண்டாம். தசையிலிருந்தும் எல்.டி.எச். கசியும்.

5. எல்.டி.எச்.: எண்ணைப் பார்க்காதீர்கள், விகிதத்தைப் பாருங்கள்

லிம்போமாவில் அதிக வகைகளுக்குப் பயன்படும் ரத்த எண் இதுதான். செல்கள் எவ்வளவு வேகமாகப் பெருகி மடிகின்றன, உடலில் நோயின் மொத்தச் சுமை எவ்வளவு என்பதன் நிழல் அது. ஆனால் லேபுக்கு லேப் அளக்கும் முறை வேறு. ஒரு முறையில் உச்ச வரம்பு 250 யூனிட்டை ஒட்டி இருக்கும், இன்னொன்றில் 480 வரைகூட இயல்பு என்பார்கள். இரண்டு லேப் எண்களை அப்படியே ஒப்பிட்டால் இல்லாத ஏற்றமும் இறக்கமும் தெரியும்.

வழி எளிது. உங்கள் எண்ணை அதே ரிப்போர்ட்டில் உள்ள உச்ச வரம்பால் வகுத்துக்கொள்ளுங்கள். ஒரு லேபில் 400, வரம்பு 250 என்றால் விகிதம் 1.6. இன்னொரு லேபில் 450, வரம்பு 480 என்றால் விகிதம் 0.94. பெரிய எண் வந்த இடத்தில்தான் உண்மையில் இயல்பு. விகிதத்தை ரிப்போர்ட்டின் ஓரத்தில் பேனாவால் எழுதி வையுங்கள். முடிந்தவரை கடைசிவரை ஒரே லேபில் எடுங்கள்.

உயர்ந்திருந்தால் உடனே லிம்போமாவின் மேல் பழி போடும் முன் இவற்றைப் பாருங்கள்:

- அதே சாம்பிளில் பொட்டாசியமும் உயர்ந்திருக்கிறதா, அடியில் 'ஹீமோலைஸ்டு' (சிவப்பணு உடைந்த சாம்பிள்) என்று குறிப்பு இருக்கிறதா? இருந்தால் மறுபடி எடுங்கள்.
- எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. உயர்ந்திருக்கின்றனவா? கல்லீரல் காரணமாக இருக்கலாம்.
- ஹீமோகுளோபின் குறைந்து, மஞ்சள் காமாலையின் மறைமுக பிலிருபின் கூடி, ரெட்டிகுலோசைட் எனப்படும் இளம் சிவப்பணுவும் கூடியிருக்கிறதா? உடலே சிவப்பணுக்களை உடைக்கும் நிலை லிம்போமாவோடு சேர்ந்து வருவதுண்டு. அதற்குத் தனிச் சிகிச்சை தேவை.
- வைட்டமின் பி12 கடுமையாகக் குறைந்திருக்கிறதா? அந்த ரத்தசோகையில் எல்.டி.எச். பல மடங்கு ஏறும்.
- வெள்ளையணுவை உயர்த்தும் ஃபில்கிராஸ்டிம் வகை ஊசி அண்மையில் போட்டார்களா? அதுவும் ஏற்றும்.

எல்.டி.எச். இரண்டு மூன்று மடங்குக்கு மேல் போய், யூரிக் அமிலமும் உயர்ந்திருந்தால் அது முன்கணிப்பு விவகாரம் மட்டுமல்ல. கட்டி வேகமாக உடையும்போது பொட்டாசியமும் பாஸ்பேட்டும் ரத்தத்தில் கொட்டிச் சிறுநீரகத்தையும் இதயத்தையும் தாக்கும் டியூமர் லைசிஸ் என்ற ஆபத்து இருக்கிறது. முதல் கீமோவுக்கு முன்பே அல்லோபியூரினால் மாத்திரை, தேவையான அளவு நீர் ஏற்றுதல் போன்ற முன்னேற்பாட்டை மருத்துவர் செய்வார். ரிப்போர்ட் வந்தவுடன் அவர் கண்ணில் படுமாறு செய்யுங்கள். ராஸ்புரிகேஸ் ஊசி போட்ட பிறகு எடுக்கும் யூரிக் அமில சாம்பிள் மட்டும் பனிக்கட்டியில் வைத்து லேபுக்குப் போக வேண்டும். இல்லாவிட்டால் டியூபுக்குள்ளேயே அந்த மருந்து யூரிக் அமிலத்தைத் தின்றுகொண்டிருக்கும். உண்மையைவிடக் குறைவாக வரும்.

6. மற்ற எண்கள்

ஹீமோகுளோபின்: ஃபாலிகுலரில் டெசிலிட்டருக்கு 12 கிராமுக்குக் கீழ், பரவிய ஹாட்ஜ்கினில் 10.5-க்குக் கீழ் என்பது எல்லை. சில லேப்கள் லிட்டருக்கு எத்தனை கிராம் என்று அச்சிடும். அங்கே 105 என்பதும் இங்கே 10.5 என்பதும் ஒன்றே. இரும்புச்சத்துக் குறைவால் முன்பே ரத்தசோகை இருந்திருந்தால் அதையும் சொல்லுங்கள். மதிப்பெண்ணில் எப்படியும் ஒரு புள்ளி விழும், ஆனால் அதன் காரணம் மருத்துவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அல்புமின்: ஹாட்ஜ்கினில் டெசிலிட்டருக்கு 4 கிராமுக்குக் கீழே போனால் ஒரு புள்ளி. பல லேப்கள் 3.5-ஐ இயல்பு என்று அச்சிடுவதால், 3.7 வந்த ரிப்போர்ட்டில் எந்தக் குறியும் இருக்காது. லேப் குறி போடவில்லை என்பதற்காகத் தாண்டிப் போகாதீர்கள்.

லிம்போசைட்: சதவீதத்தை மட்டும் பார்த்தால் ஏமாற்றும். மொத்த வெள்ளையணுவைச் சதவீதத்தால் பெருக்கி நூறால் வகுத்தால் உண்மையான எண்ணிக்கை கிடைக்கும். வெள்ளையணு 16,000, லிம்போசைட் 5% என்றால் எண்ணிக்கை 800. ஹாட்ஜ்கின் விதி '600-க்குக் கீழ் அல்லது 8%-க்குக் கீழ்' என்பதால், 800 இருந்தும் சதவீதத்தால் புள்ளி விழும். வெள்ளையணு 15,000-ஐத் தொட்டதற்கு இன்னொரு புள்ளியும் சேரும்.

இ.எஸ்.ஆர்.: ஆரம்ப நிலை ஹாட்ஜ்கினில் மட்டும் இதற்குப் பெரிய எடை. பி அறிகுறிகள் இல்லாதவருக்கு 50, இருப்பவருக்கு 30 எல்லை. பி அறிகுறிகள் என்பவை 38 டிகிரி செல்சியஸைத் தாண்டும் காரணமில்லாத காய்ச்சல், துணி நனையும் இரவு வியர்வை, ஆறு மாதத்தில் 10%-க்கு மேல் எடைக் குறைவு. இ.எஸ்.ஆர். 38 என்று வந்தவருக்கு இரவு வியர்வை இருக்கிறதா இல்லையா என்பதே ரிஸ்க் குழுவை மாற்றிவிடலாம். எனவே கேள்விக்கு யோசித்துத் துல்லியமாகப் பதில் சொல்லுங்கள். பழைய எடை எழுதிய சீட்டு இருந்தால் கொண்டு போங்கள். ரத்தசோகை, கர்ப்பம், சளிக்காய்ச்சல், பல் தொற்று எதுவும் இ.எஸ்.ஆரை ஏற்றும்.

பீட்டா-2 மைக்ரோகுளோபுலின்: ஃபாலிகுலரில் லிட்டருக்கு 3 மில்லிகிராம் என்ற எல்லையைப் பிரைமா என்ற மதிப்பெண் முறை பயன்படுத்துகிறது. இது சிறுநீரகம் வழியே வெளியேறும் சிறு புரதம். சிறுநீரகம் தளர்ந்தவருக்கு லிம்போமா குறைவாக இருந்தாலும் இது உயரும். எனவே அதே நாளின் கிரியாட்டினின் இல்லாமல் இதைப் படிக்கக் கூடாது.

நியூட்ரோஃபில்-லிம்போசைட் விகிதம், லிம்போசைட்-மோனோசைட் விகிதம்: ஆய்வுக் கட்டுரைகளில் நிறையத் தென்படும். செலவில்லாமல் கணக்கிடலாம் என்பதால் பலர் போட்டுப் பார்த்துவிட்டுத் தூக்கம் கெடுகிறார்கள். ஒவ்வோர் ஆய்விலும் எல்லை வேறு. ஒரு சாதாரணத் தொற்றும் ஒரு ஸ்டீராய்டு ஊசியும் போதும், இவை தலைகீழாகிவிடும். இவற்றை வைத்துச் சிகிச்சை முடிவாவதில்லை. விட்டுவிடலாம்.

மூக்கு, தொண்டைப் பகுதியில் வரும் என்.கே./டி செல் லிம்போமாவில் மட்டும் ஈ.பி.வி. வைரஸின் டி.என்.ஏ. அளவு மிக முக்கியம். அதைப் பிளாஸ்மாவில் அளந்தார்களா முழு ரத்தத்தில் அளந்தார்களா என்று ரிப்போர்ட்டில் பாருங்கள். இரண்டையும் ஒன்றோடொன்று ஒப்பிடக் கூடாது.

7. உங்கள் வகைக்கான மதிப்பெண்ணைப் போடுங்கள்

டிஃப்யூஸ் லார்ஜ் பி செல்: 1993-இல் வந்த ஐ.பி.ஐ. முறையில் ஐந்து புள்ளிகள். வயது 60-க்கு மேல், ஸ்டேஜ் (நோய் பரவிய நிலை) 3 அல்லது 4, எல்.டி.எச். இயல்புக்கு மேல், அன்றாட வேலை செய்ய முடியாத உடல்நிலை, நிணநீர்க் கணுவுக்கு வெளியே ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் நோய். ஒவ்வொன்றுக்கும் ஒன்று.

2014-இல் வந்த என்.சி.சி.என்.-ஐ.பி.ஐ. இதைவிட நுணுக்கமானது. வயது 41 முதல் 60 வரை 1, 61 முதல் 75 வரை 2, அதற்கு மேல் 3. எல்.டி.எச். விகிதம் 1-க்கு மேல் 3 வரை 1, 3-க்கு மேல் 2. ஸ்டேஜ் 3-4 என்றால் 1. எலும்பு மஜ்ஜை, மூளை-தண்டுவடம், கல்லீரல் அல்லது குடல், நுரையீரல் இவற்றில் நோய் இருந்தால் 1. தளர்ந்த உடல்நிலைக்கு 1. மொத்தம் 0-1 குறைந்த ரிஸ்க், 2-3 குறைந்த-நடுத்தரம், 4-5 உயர்-நடுத்தரம், 6 அல்லது அதற்கு மேல் உயர் ரிஸ்க். ஐந்தாவது பகுதியில் கணக்கிட்ட விகிதம் இங்கேதான் தேவைப்படுகிறது.

66 வயது, விகிதம் 1.6, ஸ்டேஜ் 3, வேறு எதுவும் இல்லை என்று வைத்துக்கொள்வோம். 2 + 1 + 1 = 4, உயர்-நடுத்தரம். இதே ஆள், ஐ.பி.ஐ.யின் அதே ஐந்து புள்ளிகளை வேறு பெட்டிகளாகப் பிரிக்கும் ஆர்-ஐ.பி.ஐ. முறையில் 3 புள்ளி பெற்று 'மோசம்' என்ற பெட்டியில் விழுவார். ஆளும் மாறவில்லை, நோயும் மாறவில்லை. பெட்டியின் பெயர்தான் வேறு. எந்த முறையில் சொன்னார்கள் என்று தெரியாமல் 'மோசம்' என்ற சொல்லைச் சுமந்துகொண்டு வீட்டுக்கு வராதீர்கள்.

ஃபாலிகுலர்: ஃப்ளிப்பி முறையில் வயது 60-க்கு மேல், ஸ்டேஜ் 3-4, ஹீமோகுளோபின் 12-க்குக் கீழ், நான்குக்கு மேற்பட்ட கணுப் பகுதிகள், எல்.டி.எச். உயர்வு. 0-1 குறைவு, 2 நடுத்தரம், 3 அல்லது அதற்கு மேல் உயர்வு. ஃப்ளிப்பி-2 முறையில் எல்.டி.எச். இடத்தில் பீட்டா-2 மைக்ரோகுளோபுலின் வருகிறது. 6 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட கணுவும் எலும்பு மஜ்ஜையும் சேர்கின்றன.

மேன்டில் செல்: மிப்பி முறையில் வயது, உடல்நிலை, எல்.டி.எச். விகிதம், வெள்ளையணு. எளிய வடிவத்தில் எல்.டி.எச். விகிதம் 0.67-ஐத் தொட்டாலே 1 புள்ளி, 1-ஐத் தொட்டால் 2, 1.5-ஐத் தொட்டால் 3. அதாவது 'நார்மல்' என்று அச்சான எல்.டி.எச்.சும் இங்கே புள்ளி சேர்க்கும். இந்த வகைக்கு உச்ச வரம்பு இல்லாத ரிப்போர்ட்டால் பயனில்லை.

பரவிய ஹாட்ஜ்கின்: ஐ.பி.எஸ். முறையில் ஏழு புள்ளிகள். அல்புமின், ஹீமோகுளோபின், வெள்ளையணு, லிம்போசைட் என நான்கு ரத்தத்திலிருந்தே வருகின்றன. மீதம் ஆண், வயது 45 அல்லது மேல், ஸ்டேஜ் 4. கவனியுங்கள், எல்.டி.எச். இதில் இல்லை.

8. இணையத்தில் சதவீதம் தேடும் முன்

மதிப்பெண் கிடைத்தவுடன் கை தானாகத் தேடலுக்குப் போகும். அங்கே ஐ.பி.ஐ. உயர் ரிஸ்க் குழுவுக்கு ஐந்தாண்டு உயிர்வாழ்வு 26% என்று வரும். அந்த எண் 1993-ஆம் ஆண்டுக் கட்டுரையிலிருந்து வருவது. ரிட்டுக்ஸிமாப் புழக்கத்துக்கு வரும் முன் சிகிச்சை பெற்றவர்களின் கணக்கு. ரிட்டுக்ஸிமாப் சேர்ந்த பிறகு 2007-இல் வந்த ஆர்-ஐ.பி.ஐ. கணக்கில், 3 முதல் 5 புள்ளி பெற்ற 'மோசம்' குழுவிலேயே நான்காண்டு உயிர்வாழ்வு 55%. 1-2 புள்ளிக்கு 79%, புள்ளியே இல்லாதவர்களுக்கு 94%. எந்தச் சதவீதத்தைப் பார்த்தாலும் அது எந்த ஆண்டுக் கணக்கு, எந்தச் சிகிச்சையில் வந்தது என்று பார்த்த பிறகே மனதில் ஏற்றுங்கள்.

இந்தச் சதவீதங்கள் கூட்டத்தைப் பற்றியவை. 55% என்பது ஒருவரின் உடலுக்குள் ஓடும் கடிகாரம் அல்ல. சிகிச்சை தொடங்கிய பிறகு, நோய் எப்படிப் பதில் சொல்கிறது என்பதே அதிகம் பேசும். ஹாட்ஜ்கினில் இரண்டு சுற்றுக்குப் பின் எடுக்கும் பெட் ஸ்கேனும், ஃபாலிகுலரில் முதல் சிகிச்சைக்குப் பின் 24 மாதங்களுக்குள் நோய் திரும்புகிறதா என்பதும் தொடக்க ரத்த எண்களைவிடக் கனமானவை.

9. கோப்பில் என்னென்ன இருக்க வேண்டும்

இறுதி பயாப்ஸி ரிப்போர்ட், ஸ்டேஜ் குறித்த பெட் ஸ்கேன் ரிப்போர்ட், எலும்பு மஜ்ஜை செய்திருந்தால் அதன் முடிவு, சிகிச்சைக்கு முந்தைய ரத்த ரிப்போர்ட்டின் எல்லாப் பக்கங்களும். 'எல்லாப் பக்கங்களும்' என்பதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. டிஸ்சார்ஜ் சுருக்கத்தில் எல்.டி.எச். 612 என்று எண்ணை மட்டும் தட்டச்சு செய்திருப்பார்கள், உச்ச வரம்பு இருக்காது. இரண்டாவது கருத்துக்காக வேறு மருத்துவரிடம் போகும்போது அந்த 612-ஐ வைத்து அவரால் எதுவும் கணக்கிட முடியாது. லேபின் மூல ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்குங்கள். செல்போனில் படம் எடுக்கும்போது தேதியும் ரத்தம் எடுத்த நேரமும் வரம்புப் பத்தியும் படத்தில் விழட்டும்.

முன்பக்கத்தில் ஒரே ஒரு தாள் வையுங்கள். நோயின் முழுப் பெயர், ஸ்டேஜ், பி அறிகுறிகள், உயரம், எடை, முதல் ஸ்டீராய்டு தேதி, முதல் கீமோ தேதி, அதன் கீழே ரத்த எண்கள் அலகோடும் வரம்போடும். அவசரப் பிரிவில் முன்பின் தெரியாத மருத்துவர் பார்க்க நேர்ந்தால் அந்தத் தாள் அரை மணி நேரக் கேள்விகளை மிச்சப்படுத்தும்.

10. சிகிச்சை நடக்கும்போதும் முடிந்த பிறகும்

கீமோவுக்குப் பிந்தைய வாரத்தில் எடுக்கும் எல்.டி.எச். குழப்பும். செல்கள் மடிவதாலும், வெள்ளையணு ஊசியாலும், மஜ்ஜை மீண்டு வருவதாலும் ஏறும். அடுத்த சுற்றுக்கு ஓரிரு நாள் முன் எடுப்பதே ஒப்பிட ஏற்றது.

சிகிச்சை முடிந்த பிறகு மாதாமாதம் தாங்களாகவே எல்.டி.எச். எடுத்துப் பார்ப்பவர்கள் உண்டு. நோய் திரும்புவதைக் கண்டுபிடிக்க அது நம்பகமான கருவி அல்ல. திரும்பாமலும் ஏறும், திரும்பியும் ஏறாமல் இருக்கும். மருத்துவர் சொன்ன இடைவெளியில் மட்டும் எடுங்கள். புதிய கட்டி, விடாத காய்ச்சல், எடைக் குறைவு, இரவு வியர்வை இருந்தால் எல்.டி.எச். இயல்பாக இருக்கிறது என்று சமாதானமாகாமல், அடுத்த தேதிக்குக் காத்திராமல் போய்க் காட்டுங்கள்.

அறிகுறி எதுவும் இல்லாமல் எல்.டி.எச். மட்டும் சற்று ஏறி வந்தால், முதலில் அதே லேபில், நேரில் சென்று, ஒன்றிரண்டு வாரத்தில் மறுபடி எடுங்கள். கல்லீரல் எண்களையும் முழு ரத்த எண்ணிக்கையையும் சேர்த்து எடுங்கள். இரண்டாவது முறையும் ஏறியிருந்தால் இரண்டு ரிப்போர்ட்டையும், தொடக்கத்தில் எடுத்ததையும் மருத்துவர் முன் வைத்து, ஸ்கேன் தேவையா என்பதை அவரிடம் கேளுங்கள்.